பொருள் இல்லை

மூன்று ஆண்டு ரெதுயியில்
கோடு வரைந்தோம்.
தேவை சரிந்து இறங்கும், அளிப்பு ஏறி வரும்,
இரண்டும் முட்டுமிடத்தில் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளியில்தான் எல்லோருக்கும் நிம்மதி
என்றார் விரிவுரையாளர்.
அன்று மின்விசிறி ஓடவில்லை.
அவருக்கு வியர்த்தது.

பட்டமளிப்புத் தொப்பி வாடகைக்கு.
ஐந்து மணிக்குள் திருப்பாவிட்டால் அபராதம்.
இதுவரை புரியாத பாடம் இப்போது புரிகிறது
என்று சிரித்தான் லூடோவிக்.

எபெனில் பன்னிரண்டாம் மாடி இன்று அவனுக்கு.
இந்தியாவுக்குப் போகிற பணமும்
ஆப்பிரிக்காவுக்குப் போகிற பணமும்
அவன் மேசையில் ஓரிரவு தங்கிப் போகின்றன,
கடல் கடக்கும் பறவைகள் மாதிரி.
எச்சம்கூட இடுவதில்லை என்கிறான்.
வாசிமா வங்கியில் கடன் மறுக்கிறாள்,
மிகுந்த மரியாதையோடு.
கேசவென் கராஜுக்குள் முப்பது பிள்ளைகளுக்கு டியூஷன்;
எங்களில் அவனுக்குத்தான் வருமானம் அதிகம்.
அவன் அம்மா இன்னும்
"வேலை தேடிக்கிட்டிருக்கான்" என்றுதான் சொல்கிறாள்.

நான் விலை கேட்பவள்.
புள்ளிவிவர அலுவலகம், தற்காலிகப் பணி, பஸ் படி உண்டு.
புதன்தோறும் ஃப்ளாக் சந்தை.
தக்காளி அரைக்கிலோ என்ன?
சுசு?
கத்தரி?
வாங்க மாட்டேன். எழுதிக்கொண்டு நகர்வேன்.
முதல் மாதம் வரி போட வந்தவள் என்று பயந்தார்கள்.
இரண்டாம் மாதம் கஞ்சப் பிசினாறி என்றார்கள்.

அலுவலகத்தில் ஒரு கூடை இருக்கிறது, யாரும் சுமக்காதது.
ஆயிரத்தில் இத்தனை பங்கு அரிசி, இத்தனை பங்கு பஸ் கட்டணம்,
சவப்பெட்டிக்கும் ஒரு துளி.
அப்படியே வாங்குகிற குடும்பம்
தீவில் ஒன்றுகூடக் கிடையாது.
ஆனாலும் அந்தக் கூடை கனத்தால்
கூலி கேட்டுத் தெருவில் இறங்குகிறார்கள்.

மதாம் அர்மூகம் மட்டும்
பீன்ஸுக்கு இரண்டு விலை சொன்னாள்.
"எழுதுறதுக்கு அறுபது.
வாங்குறதுன்னா அம்பது."
கையேட்டைப் புரட்டினேன்:
உண்மையில் கைமாறும் விலையையே பதிக.
எனவே ஒவ்வொரு புதனும்
அரைக்கிலோ பீன்ஸ் வாங்கினேன், ஐம்பதுக்கு.
கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமே.
வீட்டில் பீன்ஸைக் கண்டாலே
எல்லோரும் எழுந்து போனார்கள்.

ஜனவரியில் புயல். நான்காம் எச்சரிக்கை, இரண்டு இரவு.
அடுத்த புதன், தார்ப்பாய் கிழிந்த சந்தையில்
பீன்ஸ் இல்லை, கொத்தமல்லி தங்கம்,
அவள் பலகை காலி.
விலை இல்லாததற்கும் படிவத்தில் வழி உண்டு:
"பொருள் இல்லை" என்று குறியிடு,
பக்கத்துக் காய்கறி ஏறிய அளவுக்கு
இதையும் ஏற்று.
கற்றதுதான்.
தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியதுதான்.

பிப்ரவரியில் பீன்ஸ் வந்தது.
அவள் வரவில்லை.
அந்தப் பலகையில் ஒருவன் கைபேசி உறை விற்கிறான்.
முன்பிருந்த மதாம்?
தோளைக் குலுக்கினான்.
"உறை நூத்தம்பது. உங்களுக்கு நூத்தி இருபது."

விற்பவள் இல்லை என்பதற்குக் குறி இல்லை.
மேலாளரிடம் கேட்டேன்.
"வேற கடையில பீன்ஸ் இருக்குல்ல?"
இருக்கிறது. எண்பது.
யார் கேட்டாலும் எண்பது.

மாதக் கடைசியில் வானொலி சொன்னது:
குறியீட்டெண் புள்ளி மூன்று ஏற்றம்.
அடுத்து கால்பந்து.

நேற்று லூடோவிக்கிடமிருந்து செய்தி.
அவன் மாடியில் ஓரிடம் காலியாம்,
சம்பளம் இதைப்போல் இரு மடங்கு.
வாய்ப்புச் செலவு என்று படித்தோமே,
ஒன்றை எடுக்கும்போது கை நழுவுவது எதுவோ
அதுவே அதன் விலை என்று.
தாளை இரண்டாக மடித்தேன்.
ஒரு பக்கம் குளிர்பதனம், கடல் தெரியும் ஜன்னல், காப்பீடு,
பஸ் பிடிக்க ஓட வேண்டாம், இன்னும் நாலைந்து.
மறுபக்கம்
வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினேன்:
பீன்ஸ். அரைக்கிலோ. ஐம்பது.